நெறிக்கும் வந்துவிட்டதா? – மார்பகப் புற்றுநோயில் அக்குள் நெறிகள் சொல்லும் சேதி

"தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டுமா?" என்று நம் பெரியவர்கள் கேலியாகக் கேட்பதுண்டு. மரத்துக்கு மரம் கட்டாதுதான். ஆனால் மனித உடம்பில் இது அன்றாடம் நடக்கிற காரியம். காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. தொண்டை புண்ணானால் தாடைக்குக் கீழே கட்டுகிறது. விரலில் நகச்சுற்று வந்தால் அக்குளில் கட்டுகிறது. இந்த நெறியைத்தான் டாக்டர்கள் 'லிம்ஃப் நோட்' என்கிறார்கள். நிணநீர்க் கணு, நிணநீர் முடிச்சு என்றெல்லாம் பாடப் புத்தகங்களில் எழுதுவார்கள். பாட்டி சொன்ன 'நெறி' என்ற சொல்லே எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது. இக்கட்டுரையில் அதையே வைத்துக் கொள்கிறேன்.

மைசூரில் வசிக்கும் நமக்கு ஹெப்பாள் என்றால் தொழிற்பேட்டையும், இன்ஃபோசிஸ் வளாகமும், ஏரியும்தான் முதலில் நினைவுக்கு வரும். (பெங்களூரில் உள்ள ஹெப்பாள் வேறு, வெளியூர் உறவினர்களுக்கு முகவரி சொல்லும்போது இதைச் சொல்ல மறக்காதீர்கள்!) ஆனால் வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்துவிட்டால், ஹெப்பாள் என்பது ரிங் ரோட்டில் இருக்கும் பாரத் புற்றுநோய் மருத்துவமனையாகிவிடுகிறது. அங்கே என்றில்லை, பெங்களூர் கித்வாய், சென்னை அடையாறு என எந்தப் புற்றுநோய் மருத்துவமனையின் வராந்தாவில் உட்கார்ந்தாலும் ஒரு கேள்வி காதில் விழும். கன்னடத்திலும் விழும், தமிழிலும் விழும். "நெறிக்கும் வந்துவிட்டதாமே. அப்படியானால் இனி எத்தனை நாள்?"

நோயியல் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். நெறிகளின் எண்ணிக்கை மிக முக்கியமான செய்தி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஆயுளைக் கணிக்கும் ஜாதகம் அல்ல. என்ன சிகிச்சை, எவ்வளவு தீவிரமாக, எத்தனை காலத்துக்கு என்று முடிவு செய்ய உதவும் கணக்கு. இந்த வித்தியாசம் புரியாததால், சிகிச்சை எடுத்துக்கொண்டு நன்றாக வாழ்ந்திருக்க வேண்டிய பெண்களை, "இனி என்ன பிரயோஜனம்" என்று வீட்டோடு வைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

மார்பகத்துக்கும் அக்குளுக்கும் என்ன சம்பந்தம்?

ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களில் சேரும் நீர், நூலிழை போன்ற மெல்லிய குழாய்களின் வழியே வடிந்து மறுபடியும் ரத்தத்தில் கலக்கிறது. இதுவே நிணநீர். அது போகும் வழியில் ஆங்காங்கே நெறிகள் காவல் இருக்கின்றன. சில பச்சைப்பயறு அளவு. சில மொச்சைக்கொட்டை அளவு. நீரோடு வரும் கிருமிகளையும் அழிந்த உயிரணுக்களையும் அவை நிறுத்திச் சோதிக்கும். மைசூரிலிருந்து ஊட்டிக்குப் போகிறவர்கள் பந்திப்பூர் காட்டுச் சோதனைச் சாவடியைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அந்த வேலைதான்.

மார்பகத்தின் நிணநீரில் முக்கால் பங்குக்கு மேல் அதே பக்கத்து அக்குளுக்கு வடிகிறது. மிச்சம், நடு மார்பெலும்பை ஒட்டிய நெறிகளுக்குச் செல்கிறது. ஒரு அக்குளில் சுமார் 20 முதல் 30 நெறிகள் இருக்கும். ஆளுக்கு ஆள் இது மாறும். மார்பகத்தில் தோன்றிய புற்று, நிணநீர்க் குழாய்க்குள் புகுந்துவிட்டால் பெரும்பாலும் முதலில் வந்து தங்குவது இங்கேதான்.

இதைப் படித்துவிட்டு உடனே அக்குளைத் தடவிப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். அங்கே நெறி கட்டப் பல காரணங்கள் உண்டு. கையில் காயம், அக்குளில் கொப்புளம், நம் நாட்டில் காசநோய். 2021ஆம் ஆண்டு கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்ட பலருக்கும் அந்தப் பக்கத்து அக்குளில் நெறி கட்டிப் பிறகு தானாக வடிந்தது. ஆனால் வலியே இல்லாமல், கெட்டியாக, இரண்டு மூன்று வாரமாகியும் கரையாமல் நிற்கும் நெறியை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். "வலிக்கவே இல்லையே, அதனால்தான் விட்டுவிட்டேன்" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! மார்பகப் புற்றுக்கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. வலிக்கும்வரை காத்திருப்பது பெரிய ஏமாற்றம்.

ஊருக்குப் புதிதாக வந்த நம் பெண்களுக்காக ஒரு சிறு குறிப்பு: கன்னடத்தில் அக்குளைக் 'கங்குளு' என்பார்கள், கட்டியைக் 'கட்டெ' என்பார்கள். 'கங்குளல்லி கட்டெ இதெ' என்றால் நர்ஸம்மாவுக்குப் புரிந்துவிடும். மொழி தெரியாத கூச்சத்தால் ஒரு மாதம் தள்ளிப் போடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

பழைய நம்பிக்கையும் புதிய கண்டுபிடிப்பும்

அக்குள் நெறிக்குப் பரவிய நோயாளிகள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று 18ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சு நாட்டு அறுவை மருத்துவர் லெ த்ரான் கவனித்திருந்தார். இதிலிருந்து பிறந்தது ஒரு எளிய எண்ணம்: புற்று முதலில் மார்பில், பிறகு நெறியில், பிறகு உடம்பெங்கும் என்று படிப்படியாகப் போகிறது, ஆகவே நெறிகள் அனைத்தையும் வேரோடு எடுத்துவிட்டால் நோய் அதற்கு மேல் போகாது. அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894ஆம் ஆண்டு இந்த எண்ணத்தின் அடிப்படையில் தமது பெரிய அறுவைச் சிகிச்சையை விவரித்து எழுதினார். மார்பகம், அதன் அடியிலுள்ள தசைகள், அக்குளில் உள்ள அத்தனை நெறிகள் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துவிடுவது. விலா எலும்பு தெரியும் நெஞ்சோடும், தூக்க முடியாத கையோடும் பெண்கள் வீடு திரும்பினார்கள். ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு இதுவே உலக வழக்கம்.

இதைக் கேள்வி கேட்டவர் பெர்னார்டு ஃபிஷர். 1971இல் அவர் தலைமையில் தொடங்கிய ஆய்வில், கைக்கு நெறி எதுவும் தட்டுப்படாத 1,079 பெண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஹால்ஸ்டெட் முறையில் முழு அறுவை. இன்னொரு குழுவுக்கு மார்பகத்தை மட்டும் எடுத்து அக்குளுக்குக் கதிர்வீச்சு. மூன்றாவது குழுவுக்கு மார்பகத்தை மட்டும் எடுத்துவிட்டு, அக்குள் நெறிகளை அப்படியே விட்டுவிட்டார்கள். பின்னால் நெறி பெருத்தால் மட்டும் எடுப்பது என்று ஏற்பாடு. 25 ஆண்டுகள் பொறுத்து, 2002இல் முடிவு வெளியானது. உயிர் பிழைத்திருந்தவர்களின் விகிதத்தில் மூன்று குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை!

இன்னொரு ஆச்சரியம். முழு அறுவை செய்த குழுவில் எடுத்த நெறிகளைச் சோதித்தபோது சுமார் 40 சதவீதம் பேருக்கு அவற்றில் புற்று இருந்தது. அப்படியானால் நெறிகளைத் தொடாமல் விட்ட குழுவிலும் அதே அளவு பேருக்கு உள்ளே இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர்களில் பிற்பாடு நெறி பெருத்து அறுவை தேவைப்பட்டவர்கள் 18 சதவீதம் பேர்தான்.

இதற்கு என்ன அர்த்தம்? மறுபடியும் நம் காட்டுச் சாவடிக்கே வருவோம். சாவடியில் ஒரு லாரி சந்தனக்கட்டை பிடிபட்டது என்றால், காட்டுக்குள் மரம் வெட்டுகிறவன் சுறுசுறுப்பாக இருக்கிறான் என்று தெரிகிறது. அவன் வேறு ஒற்றையடிப் பாதையிலும் சரக்கை அனுப்பியிருக்கக்கூடும் என்று சந்தேகிக்கவும் காரணம் இருக்கிறது. ஆனால் சாவடியை இடித்துத் தள்ளுவதால் கடத்தல் நின்றுவிடாது. புற்றுக்கு அந்த ஒற்றையடிப் பாதை ரத்த ஓட்டம். நெறியில் புற்று இருப்பது, உடம்பின் வேறு இடங்களிலும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் போயிருக்கலாம் என்ற எச்சரிக்கை. அந்தத் துகள்களைத் தேடி அழிப்பது கத்தியால் ஆகாது. ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் செல்லும் மருந்துகளால்தான் ஆகும். நெறியில் நோய் உள்ளவர்களுக்குக் கீமோவும் மாத்திரையும் வற்புறுத்துவது இதனால்தான்.

2/14 என்றால் என்ன?

அறுவை முடிந்து ஒரு வாரம் பத்து நாளில் வரும் ரிப்போர்ட்டில் ஒரு பின்னம் இருக்கும். 2/14 என்று வைத்துக்கொள்வோம். எடுத்துச் சோதித்த நெறிகள் 14; அவற்றில் புற்று இருந்தவை 2. மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அழுகிறவர்களும் உண்டு, "பதினாலா!" என்று கீழே உள்ளதைப் பார்த்து மயங்கி விழுகிறவர்களும் உண்டு.

இந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். அறுவை அறையிலிருந்து பரிசோதனைக் கூடத்துக்கு வருவது நெறிகள் அல்ல. ஒரு கொழுப்புத் துண்டு. வெண்ணெய் போன்ற அந்த மஞ்சள் கொழுப்பை விரல்களுக்கிடையே நசுக்கி நசுக்கித் தேடி, ஒவ்வொரு நெறியாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவதைவிடக் கஷ்டம். நெறியும் கொழுப்பும் ஒரே நிறத்தில் வழுக்கிக்கொண்டு போகும். பொறுக்கியதை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, மெழுகில் பதித்து, அதை முடியிழையைவிட மெல்லிதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் வைத்து, சாயமேற்றி, நோயியல் டாக்டர் உருப்பெருக்கியில் பார்க்கிறார். பொறுமையாகத் தேடினால் 16 நெறி கிடைக்கும் துண்டில், அவசரமாகத் தேடினால் ஆறுதான் கிடைக்கும். அக்குளை முழுமையாகச் சுத்தம் செய்த அறுவையில் குறைந்தது 10 நெறியாவது சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது பொது விதி. அத்தகைய அறுவைக்குப் பிறகு 0/4 என்று வந்தால், சந்தோஷப்படுவதற்கு முன் "இன்னும் ஒருமுறை தேடிப் பார்க்க முடியுமா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். அதில் தவறே இல்லை.

சிறு நர்சிங் ஹோம்களில் எடுத்த திசுவை ஒரு டப்பாவில் போட்டு உறவினர் கையில் கொடுத்து, "லேபில் கொடுத்துவிடுங்கள்" என்று அனுப்புவதுண்டு. அப்படி நேர்ந்தால், திசு முழுவதும் ஃபார்மலின் திரவத்தில் நன்றாக மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் டப்பாவிலோ உப்புத் தண்ணீரிலோ மணிக்கணக்கில் கிடந்த திசு கெட்டுப்போய், பின்னால் செய்யும் முக்கியமான சோதனைகள் தவறான முடிவைக் காட்டிவிடும்.

எண்ணிக்கையை டாக்டர்கள் நான்காகப் பிரிக்கிறார்கள். ஒன்றிலும் இல்லை என்றால் என்-0. ஒன்று முதல் மூன்று வரை என்-1. நான்கு முதல் ஒன்பது வரை என்-2. பத்தும் அதற்கு மேலும் என்-3. ஒரு நெறிக்குள் 2 மில்லிமீட்டருக்கும் குறைவான புள்ளியாக இருந்தால் 'மைக்ரோ' என்று தனியாகக் குறிப்பிடுவார்கள். அதன் ஆபத்து குறைவு. நெறியின் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் அதையும் எழுதுவார்கள். அது அவ்வளவு நல்ல சேதியல்ல.

எண்கள் என்ன சொல்கின்றன?

இந்தியாவின் 11 புற்றுநோய்ப் பதிவேடுகளிலிருந்து, 2012 முதல் 2015 வரை மார்பகப் புற்று கண்டறியப்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2024இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் மொத்தத்தில் 100க்கு 66 பேர். நோய் மார்பகத்தோடு நின்றிருந்தவர்களில் 81 பேர். நெறிகளுக்கோ பக்கத்துத் திசுக்களுக்கோ பரவியிருந்தவர்களில் சுமார் 65 பேர். எலும்பு, ஈரல், நுரையீரல் என்று தொலைவுக்குப் போயிருந்தவர்களில் 18 பேர்.

நடுவில் உள்ள அந்த 65ஐக் கவனியுங்கள். நெறிக்குப் போய்விட்டதென்று தலையில் கை வைத்துக்கொள்கிற வகையில்கூட, மூன்றில் இருவர் ஐந்தாண்டைத் தாண்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் இதே வகையில் இந்த எண் சுமார் 87. அங்குள்ள பெண்ணுக்கும் நம் பெண்ணுக்கும் நெறி ஒன்றுதான். புற்றும் பெரும்பாலும் ஒன்றுதான். பின் இந்த 20க்கு மேற்பட்ட இடைவெளி எங்கிருந்து வந்தது? நம் நாட்டில் 'நெறி வரை பரவியது' என்ற கணக்கிலேயே, கட்டி எலுமிச்சம்பழ அளவு வளர்ந்து தோலைப் பிடித்த பிறகு வந்தவர்கள் அதிகம். இரண்டு கீமோ போட்டுக்கொண்டு முடி கொட்டியதும் நிறுத்திவிட்டவர்கள், பணமில்லாமல் கதிர்வீச்சை விட்டவர்கள், நாட்டு மருந்தில் எட்டு மாதம் கழித்தவர்கள் எல்லோரும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், அந்த இடைவெளியில் பெரும்பகுதி நெறியின் குற்றமல்ல, தாமதத்தின் குற்றம்.

தாமதத்தைக் குறைக்க விலையுயர்ந்த இயந்திரம்தான் வேண்டும் என்றில்லை. மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனை 1998இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் குடிசைப் பகுதிப் பெண்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் சோதித்தார்கள். ஒன்றரை லட்சம் பெண்கள் கலந்துகொண்டார்கள். சோதிக்கப்பட்ட குழுவில் நோய் முன்னதாகவே பிடிபட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் மார்பகப் புற்றால் நேர்ந்த சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. வெறும் கைவிரல்கள் செய்த வேலை இது!

நெறி மட்டும் போதாது

ரிப்போர்ட்டில் நெறிக்கு அடுத்த வரிகளையும் படிக்க வேண்டும். கட்டியின் அளவு, அதன் தரம், அதைவிட முக்கியமாக ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்று சோதனைகள். ஈ.ஆர். உள்ள புற்று ஹார்மோனைத் தின்று வளர்வது. அதைப் பட்டினி போட டமாக்ஸிஃபென் போன்ற மலிவான மாத்திரை உண்டு. ஹெர்-2 உள்ளதற்கு டிராஸ்டுஸுமாப் என்ற ஊசி உண்டு. ஒரு காலத்தில் மிக மோசமானது என்று பெயர் வாங்கிய இந்த வகையின் தலைவிதியையே அந்த ஊசி மாற்றிவிட்டது. அதன் விலை மலைக்க வைத்த நாட்களில், 2014இல் பெங்களூர் பயோகான் நிறுவனம் உள்நாட்டுத் தயாரிப்பை வெளியிட்டதும், பின்னர் மற்றவர்கள் வந்ததும் நல்ல மாற்றம். மூன்றுமே இல்லாத வகைக்குக் கீமோதான் முதன்மை ஆயுதம். நெறி 0 என்று வந்தாலும் இவ்வகையை அலட்சியம் செய்யக் கூடாது. ஆகவே, 'நெறி இரண்டு' உள்ள ஈ.ஆர். வகைப் பெண், 'நெறி பூஜ்யம்' உள்ள வேறு ஒருத்தியைவிட நன்றாக இருக்கவும் வாய்ப்புண்டு. பக்கத்துப் படுக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

இன்னும் ஒன்று. இப்போது பலருக்கு அறுவைக்கு முன்பே கீமோ கொடுத்துவிடுகிறார்கள். சிகிச்சைக்குப் பிறகு அறுவை செய்கையில், முன்பு புற்று இருந்த நெறிகளில் ஒன்றும் மிச்சமில்லை என்று வந்தால் அது மிகவும் நல்ல சகுனம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் முயற்சியால் 1954இல் பிறந்த அடையாறு புற்றுநோய் நிலையத்தில், முற்றிய கட்டிகளை முதலில் மருந்தாலும் கதிராலும் சுருக்கிவிட்டுப் பிறகு அறுப்பது என்ற வழக்கம் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் சாந்தா காலத்திலிருந்தே உண்டு என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

எல்லா நெறிகளையும் எடுக்கத்தான் வேண்டுமா?

எடுக்காமல் இருந்தால் நல்லது. ஏனென்றால் அக்குளைச் சுத்தமாகத் துடைத்து எடுத்தால், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கிவிடுகிறது. நிணநீர் வடிய வழியில்லாமல் தேங்குவதுதான் காரணம். வளையல் ஏறாது, ரவிக்கைக் கை பிடிக்கும், சிறு கீறல்கூடச் சீழ் பிடித்துக் காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

ஆகவே 1990களில் ஒரு சாமர்த்தியமான யோசனை வந்தது. புற்று அக்குளுக்கு வந்தால் முதல் நெறியைத் தாண்டித்தானே போக வேண்டும்? அந்த முதல் காவல்காரனை மட்டும் கண்டுபிடித்து எடுத்துச் சோதித்தால் என்ன? மார்பகத்தில் நீலச் சாயமோ சிறிதளவு கதிரியக்கப் பொருளோ செலுத்தினால், அது நிணநீரோடு ஓடி முதல் நெறியில் சேரும். அந்த நெறி ஒன்றோ இரண்டோ மூன்றோ, அவற்றை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். சுத்தமாக இருந்தால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. கை வீக்கம் இருபதில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. இந்த முறையில் 0/3 என்று ரிப்போர்ட் வந்தால் அது குறைபாடு அல்ல, மூன்றே போதும்.

கதிரியக்கப் பொருளும் அதைக் கண்டறியும் கருவியும் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அதனால் நம் டாக்டர்கள் விலை மலிவான மெத்திலீன் நீலத்தையே பயன்படுத்திப் பார்த்தார்கள். நன்றாகவே வேலை செய்கிறது. (இரண்டு நாள் சிறுநீர் நீலமாகப் போகும், பயப்பட வேண்டாம்.) டாட்டா மருத்துவமனையில் இன்னும் எளிதாக, சாயமே இல்லாமல், அக்குளின் கீழ்ப்பகுதியில் ஒரு நரம்பை எல்லையாக வைத்து அதற்குக் கீழுள்ள நெறிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையை வகுத்து, அதுவும் ஏறக்குறைய அதே அளவு நம்பகமானது என்று காட்டினார்கள். நம் தேவைக்கு நாமே வழி கண்டுபிடித்ததற்கு இது நல்ல உதாரணம்.

2011க்குப் பிறகு இன்னும் ஒரு படி தாண்டியாகிவிட்டது. சிறிய கட்டி, கட்டியை மட்டும் எடுத்து மார்பகத்தைக் காப்பாற்றி, கதிர்வீச்சும் மருந்தும் பெறுகிற பெண்களுக்கு, காவல் நெறிகளில் ஒன்றிரண்டில் புற்று இருந்தாலும் மீதியை எடுக்காமல் விட்டால் ஆயுள் குறைவதில்லை என்று அமெரிக்க ஆய்வு காட்டியது. 2023இல் இத்தாலிய டாக்டர்கள், 2 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டியும் ஸ்கேனில் சுத்தமான அக்குளும் உள்ளவர்களுக்குக் காவல் நெறியைக்கூட எடுக்காமல் விடலாம் என்று காட்டியிருக்கிறார்கள். இவை எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் அறுவைக்கு முன், "அக்குளை முழுவதும் எடுக்கப் போகிறீர்களா, காவல் நெறி மட்டும் போதுமா?" என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டு.

ஏற்கெனவே முழு அறுவை ஆனவர்கள் கையை மடக்கிக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். டாக்டர் சொன்ன பயிற்சிகளைச் செய்ய வேண்டும். தலை பின்னிக்கொள்வது, கொடியில் துணி உலர்த்துவதுகூட நல்ல பயிற்சிதான். காய் நறுக்கும்போதும் செடி பிடுங்கும்போதும் கையுறை போட்டுக்கொண்டால் நல்லது. கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

அவளிடம் சொல்லலாமா?

கணவரும் மகனும் டாக்டரைத் தனியாகப் பார்த்து, "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் சார், தாங்க மாட்டாள்" என்று கேட்பது நம் குடும்பங்களில் வழக்கம். அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. காரணம் மருத்துவக் காரணமே. ஈ.ஆர். வகைப் புற்று பத்து, பதினைந்து ஆண்டு கழித்தும் திரும்பி வரக்கூடியது. ஐந்தாண்டு மாத்திரை முடித்த பெண்களை உலகெங்கும் தொடர்ந்து கவனித்த கணக்கு 2017இல் வந்தது. கட்டி சிறியதாக இருந்தவர்களில், அடுத்த 15 ஆண்டுகளில் நோய் வேறு உறுப்பில் திரும்பியது நெறியில் இல்லாதவர்களில் 13 சதவீதம். ஒன்று முதல் மூன்று நெறி இருந்தவர்களில் 20 சதவீதம். நான்கு முதல் ஒன்பது வரை இருந்தவர்களில் 34 சதவீதம். இதனால்தான் நெறி இருந்தவர்களுக்கு மாத்திரையைப் பத்தாண்டு வரைகூட நீட்டிக்கிறார்கள். தனக்கு என்ன நோய் என்றே தெரியாத பெண், "சத்து மாத்திரை" என்று சொல்லிக் கொடுத்ததைப் பத்தாண்டு விழுங்குவாளா? மூட்டு வலித்தால், உடம்பு சூடானால், மூன்றாம் மாதமே நிறுத்திவிடுவாள்.

மாத்திரையால் வெப்ப அலை, மூட்டு வலி வருவது உண்மை. அதற்கு மாற்று வழிகள் உண்டு. டாக்டரிடம் சொன்னால் மாற்றுவார். மாதவிலக்கு நின்ற பிறகு டமாக்ஸிஃபென் எடுப்பவர்களுக்கு ரத்தப்போக்கு கண்டால் உடனே காட்ட வேண்டும்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். கர்நாடகத்தில் ரேஷன் அட்டை உள்ளவர்கள் 'ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகா' திட்டத்தைப் பற்றி மருத்துவமனையின் கவுண்டரில் முதல் நாளே விசாரித்துவிடுங்கள். அறுவை முடிந்த பிறகு விசாரித்தால் பயனில்லாமல் போகலாம். பயாப்ஸி ரிப்போர்ட்டுடன், மெழுகுக் கட்டிகளையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது. வேறொரு டாக்டரிடம் இரண்டாவது அபிப்பிராயம் கேட்க மைசூரிலிருந்து பெங்களூருக்கோ சென்னைக்கோ போகிறவர்கள், வெறும் காகிதத்தோடு போனால் அங்கே முதல் கேள்வியே "பிளாக் கொண்டு வந்தீர்களா?" என்பதாகத்தான் இருக்கும். மெழுகுக் கட்டியை வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். காரின் முன்கண்ணாடிக்கு அடியில் போட்டுவிட்டால் உருகிவிடும்.